கன்னத்தில் நான்கு புள்ளிகள்

டார்லீன் பதினோராவது தடவையாக அறை வாங்கினாள். தலை ஒருபக்கம் திரும்பியது, இடுப்பு மேசை விளிம்பில் மோதியது, தட்டு ஒன்று தரையில் விழுந்து சிதறியது. இயக்குநர் "கட்" என்றார். டார்லீனாக நடித்தவள் எழுந்து, உதட்டில் வழிந்த சிவப்புப் பாகை நக்கிப் பார்த்து, இன்றைக்கு இனிப்புக் கூடிவிட்டது என்றாள். கணவனாக நடித்தவர் ஓடிவந்து எங்கேயாவது பட்டதா என்று கேட்டார். படவில்லை. அவருடைய கை அவள் முகத்துக்கு ஒரு சாண் எட்டத்தில்தான் வீசிப் போயிருந்தது. அறையும் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

மாக்கிரட் பஞ்சோடும் தூரிகையோடும் போய்ப் பாகைத் துடைத்தாள். பன்னிரண்டாவது அறைக்காக அந்த உதட்டை மறுபடியும் கிழித்தாள்.

அது 2004 ஒக்டோபர். மொன்ட்ரியாலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்குக்குள் அமெரிக்க டென்னசி வீடு ஒன்றைக் கட்டித் தொலைக்காட்சிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டார்லீன், ரோஸ் என்று இரண்டு கன்ட்ரி இசைப் பாடகிகளின் சிநேகிதம்தான் கதை. டார்லீனைக் கணவன் அடிப்பான். மேடைக்குப் போகுமுன் ரோஸ் அந்தக் காயத்தைப் பவுடரால் மறைப்பாள். பிறகு இருவரும் ஒரே மைக்கின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டே பாடுவார்கள். கடைசியில் ஒருநாள் அவன் டார்லீனை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுவிடுவான். ரோஸ் அதற்குப் பிறகு முப்பது வருடம் தனியாகப் பாடுவாள்.

மாக்கிரட் ஒப்பனை உதவியாளர். டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தவள். படித்துவிட்டு அவள் இந்த வேலைக்குத்தான் வந்து சேர்ந்தாள் என்பது தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பலருக்குத் தெரியாது. அம்மா எல்லோரிடமும் "பிள்ளை லாப்பில வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். ஆனால் படித்தது வீண்போகவில்லை. தோலுக்கடியில் கசிந்த இரத்தம் எந்த நாளில் ஊதாவாகும், எந்த நாளில் பச்சையாகும், எப்போது மஞ்சளாகி மறையும் என்று அவளுக்குத் தெரியும். படத்தின் காட்சிகளை முன்பின்னாக எடுப்பார்கள். காலையில் ஆறு நாள் காயம், மத்தியானம் அதே காயம் பட்ட அன்றைய கோலம். தலைமை ஒப்பனைக்காரி ஜினெட் இரண்டாம் நாளே அடிகாயம் முழுவதையும் மாக்கிரட்டிடம் விட்டுவிட்டாள். ஒவ்வொரு காயத்தையும் மாக்கிரட் போலரொய்ட் கமராவில் படம் பிடித்து, அடியிலுள்ள வெள்ளை ஓரத்தில் காட்சி எண்ணையும் எத்தனையாம் நாள் காயம் என்பதையும் எழுதுவாள்.

வாரநாட்களில் காயம் வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பெட்டியைத் திறந்து காயத்தை மறைத்தாள்.

தமிழ்ப் பூசை பத்து மணிக்கு. லக்சனா ஒன்பதரைக்கே கோயிலின் நிலக்கீழ் மண்டபத்துக் கழிப்பறைக்கு வந்துவிடுவாள். அவளும் மாக்கிரட்டும் பாடகர் குழுவில் ஒரே மைக்கில் நின்று பாடுகிறவர்கள். லக்சனா மன்னாரிலிருந்து கலியாணம் கட்டி வந்து மூன்று வருடம். கணவன் றெனோல்ட் பங்கில் நல்ல பெயர் எடுத்தவன். வெள்ளிக்கிழமைகளில் செபமாலை சொல்லிக் கொடுப்பவன் அவன்தான். அவன் கையில் செபமாலை மணிகளே இருக்காது. வலதுகை விரலில் ஒரு தங்க மோதிரம் போட்டிருந்தான். அதன் வளையத்தைச் சுற்றிப் பத்துச் சிறு குமிழ்கள், ஒரு சிலுவை. பெருவிரலால் குமிழைத் தள்ளித் தள்ளி எண்ணுவான். அந்த மோதிரம் மெல்லச் சுழல்வதைப் பார்த்தபடிதான் எண்பது பேரும் செபம் சொல்வார்கள்.

அந்த ஒக்டோபரில் ஒரு ஞாயிறு லக்சனா கழுத்துத் துணியை அவிழ்த்தபோது இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. கன்ன எலும்பின் மேல் ஒரே வரிசையில் நான்கு கறுத்த புள்ளிகள். மாக்கிரட் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"எப்ப?"

"வியாழன். கறியில உப்புக் கூடிப்போச்சாம்." லக்சனா கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். உதடு இழுத்தது. "கெதியாப் பூசடி. முதல் பாட்டு நானெல்லோ எடுக்கவேணும்."

"பொலிசுக்குப் போவம் லக்சனா. நான் கூட வாறன்."

"போய்? அவர் தானே என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். ஒரு கடிதம் எழுதினால் உன்னைத் திருப்பி ஊருக்கு ஏத்திவிடுவாங்கள் எண்டு சொல்லுறார்."

"அது பொய். அப்பிடிச் செய்யேலாது."

"நீ லாப்பில வேலை செய்யிறனி. உனக்கென்ன தெரியும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லக்சனா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை நிறுத்தினாள். அங்கேயும் அடி.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

மாக்கிரட் சத்தியம் பண்ணினாள். பிறகு வாய் கூசிக்கொண்டே கேட்டாள்: "பூசமுதல் ஒரு படம் எடுக்கட்டே? வேலைக்கு. உண்மையான காயம் எப்பிடி மாறுது எண்டு பார்க்கவேணும்."

லக்சனா கண்ணாடியிலிருந்து திரும்பினாள். "என்ர முகம் அந்த வெள்ளைக்காரிக்குப் போகப்போகுதோ? அப்ப கடைசியில என்ர பேரையும் போடச் சொல்லு."

"அசையாதை," என்றாள் மாக்கிரட்.

அடுத்த ஞாயிறும் எடுத்தாள். அதற்கடுத்த ஞாயிறு புதுக் காயம். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பழக்கதோஷத்தில் தேதியையும் நாளையும் எழுதினாள். படங்கள் பெட்டி மூடியின் உறைக்குள் சேர்ந்தன. அது வேலைக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேறு எதற்கென்று நினைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பாட்டுத் தாள்களைக் கொடுக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் மொன்ட்ரியால்-நோரிலுள்ள லக்சனா வீட்டுக்குப் போனாள். வெளிப்புற இரும்புப் படியில் ஏறி மணியில் விரலை வைத்தபோது உள்ளே சத்தம் கேட்டது. படப்பிடிப்பில் முதலில் அடி தெரியும், சத்தம் பிறகு வரும். இங்கே சத்தம் மட்டும் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல ஒன்று. பிறகு எதுவோ சுவரில் மோதியது, சுவரோடு சேர்ந்து கதவும் அதிர்ந்தது. லக்சனா கத்தவில்லை. "சரி, சரி, சரி" என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் அந்த ஈரச் சத்தம். மாக்கிரட் ஒன்பது அடி வரை எண்ணினாள். பத்தாவதற்கு முன் படியிறங்கிவிட்டாள். மணியில் வைத்த விரல் அழுத்தவே இல்லை. பஸ்ஸில் இருந்து பார்த்தபோது பாட்டுத் தாள்கள் கைக்குள் கசங்கிப் போயிருந்தன.

அந்தக் கிழமை நாற்பத்தோராம் காட்சி. மேடைக்குப் பின்னால் ரோஸ் டார்லீனின் கன்னத்தில் பவுடர் பூசும் காட்சி. மாக்கிரட் இரண்டு மணித்தியாலம் அந்தக் கன்னத்தில் வேலை செய்தாள். மாநிறத் தோலின் கருமையை வெள்ளைத் தோலுக்கான ஊதாவாக மாற்றவேண்டியிருந்தது. கை தன்பாட்டில் போனது. கன்ன எலும்பின் மேல் நான்கு புள்ளிகளையும் வைத்தது.

ஜினெட் குனிந்து பார்த்து, இதென்ன என்று கேட்டாள்.

"மோதிரம்," என்றாள் மாக்கிரட். "செபம் எண்ணும் மோதிரம்."

ஜினெட் இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் அரைமணி நேரத்தில் ஒரு வசனம் எழுதிக்கொண்டு வந்தார். ரோஸ் அந்தப் புள்ளிகளைத் தொட்டு இதென்ன என்று கேட்பாள். டார்லீன் சொல்வாள்: "அவன் செபம் சொல்கிற மோதிரம்." கணவனாக நடித்தவருக்கும் குமிழ் வைத்த மோதிரம் ஒன்று தேடிப் போட்டார்கள்.

மாக்கிரட் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பஞ்சில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் போட்டு ஒரே இழுப்பில் துடைத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் அந்தக் கன்னத்தைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சிறந்தது அது. அவள் துடைக்கவில்லை.

படம் அடுத்த மார்ச் மாதம், தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் வந்தது. மாக்கிரட் தனியாக இருந்து பார்த்தாள். நாற்பத்தோராம் காட்சியில் கமரா டார்லீனின் கன்னத்தை நெருங்கி, நெருங்கி, திரை முழுவதும் அந்தக் கன்னமே ஆனது. நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. ரெலிபோனை எடுத்தாள்.

"லக்சனா, அவர் ரிவி பார்த்தவரோ?"

"இல்லை. வேலை. நான் பாத்தனான்."

"லக்சனா..."

"வடிவாச் செய்திருக்கிறாய். என்ர கன்னம் எனக்கே தெரிஞ்சுது. டார்லீன் கடைசியில தப்பிப் போறாள் எண்டு எனக்குச் சொன்னனி."

"ஓம்."

"பொய்தானே. இப்ப முடிவையும் பாத்துப்போட்டன்," என்று சொல்லிவிட்டு லக்சனா வைத்துவிட்டாள்.

றெனோல்ட் பார்க்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு மாக்கிரட் கொஞ்சம் தூங்கினாள்.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் கீழே மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸுமாக நின்றபோது, பாடகர் குழுத் தலைவர் அருமைராசா கையைத் தட்டினார். அவருக்குப் பின்னால், மறைக்கல்வி வகுப்புக்கு வைத்திருந்த பெரிய தொலைக்காட்சி.

"எல்லாரும் இருங்கோ. ஒரு சந்தோசமான விசயம். எங்கட மாக்கிரட் பிள்ளை லாப்பில வேலை செய்யிறா எண்டுதானே நினைச்சிருக்கிறியள்? அது சும்மா. பிள்ளை இங்கிலிஷ் படத்துக்கு மேக்கப் போட்டிருக்கிறா. நேற்று ரிவியில பேர் போனது. நான் வீடியோக் கசற்றில பதிஞ்சுகொண்டு வந்திருக்கிறன்."

கைதட்டல். மாக்கிரட்டின் அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அங்கிள், வேண்டாம்," என்றாள் மாக்கிரட்.

"வெட்கப்படாதை பிள்ளை. பேர் கடைசியிலதான் வருது. அதுக்கு முதல் நல்ல பாட்டுக் கட்டமொண்டு இருக்கு, அதிலயிருந்து போடுறன்."

"அங்கிள், ப்ளீஸ்..."

அவள் குரல் எப்போதுமே யாருக்கும் கேட்பதில்லை. பாடும்போது மட்டும்தான் கேட்கும். கசற் ஓடத் தொடங்கியது. மேடைக்குப் பின்னறை. ரோஸ் பவுடர்ப் பஞ்சை எடுக்கிறாள். மூன்றாம் வரிசை நாற்காலியில் றெனோல்ட் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். பக்கத்தில் லக்சனா, கழுத்துவரை துணி சுற்றிக்கொண்டு. திரையில் கன்னம் பெரிதாகிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு பெண் "அம்மாடி" என்றாள். ரோஸ் கேட்டாள். டார்லீன் பதில் சொன்னாள். செபம் சொல்கிற மோதிரம். ஆங்கிலம் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

கணவனின் கை திரையில் வந்தது. விரலில் குமிழ் வைத்த மோதிரம்.

முதலில் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வெள்ளியும் அந்த மோதிரத்தைப் பார்த்துப் பார்த்துச் செபம் சொன்ன தலைகள் எல்லாம் மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. றெனோல்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வலதுகையை ஜக்கெட் பைக்குள் விட்டான்.

அருமைராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நிறுத்துவதற்கு ரிமோட்டைத் தூக்கி அவசரமாக எதையோ அழுத்தினார். கமரா மறுபடியும் கன்னத்துக்கு வந்திருந்த இடத்தில் படம் உறைந்து நின்றது. நான்கு புள்ளிகளும் திரை நிறைய இருந்தன. அவர் மறுபடி மறுபடி அழுத்தினார். அது அசையவில்லை.

"லக்சனா, எழும்பு. போவம்," என்றான் றெனோல்ட். சத்தம் போடவில்லை. செபம் சொல்லும் அதே குரல்.

லக்சனா எழுந்தாள். எண்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. மாக்கிரட்டுக்கு நேற்றுப் பார்த்த முடிவு ஞாபகம் வந்தது: வாசல், கார், டார்லீன் திரும்பிப் பார்ப்பது. றெனோல்டின் காருக்குள் லக்சனா ஏறினால் அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்குக் கழிப்பறைக்கு வரமாட்டாள். அது மாக்கிரட்டுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமைபோல அவள் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. பெட்டியும் கையுமாக ஓடினாள்.

கார்த்தரிப்பிடத்தில் பழைய பனி கறுத்துக் கிடந்தது. படியேறும்வரை பொறுத்திருந்தவன் வெளியே வந்ததும் லக்சனாவின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். காரின் முன்கதவைத் திறந்து அவள் தலையை உள்ளே தள்ளினான். நெற்றி மேல்விளிம்பில் அடித்தது. இரண்டாம் தள்ளலில் உள்ளே விழுந்தாள்.

"விடுங்கோ அவளை!" என்று மாக்கிரட் கத்தினாள். இந்த முறை அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

அவன் திரும்பினான். "ஓ, பவுடர்க்காரி. நீயோ என்ர குடும்பத்தைப் படம் பிடிச்சனி?"

"நான்தான் எடுத்தனான். இருபத்திமூண்டு படம் இருக்கு. தேதியோட."

அவன் அடித்தான். ஒரு சாண் எட்டம் இருக்கவில்லை. கன்ன எலும்பில் தீ பிடித்ததுபோல் இருந்தது, பிறகு காதுக்குள் ஒரு நீண்ட விசில். பனியில் விழுந்ததும் வாய்க்குள் இரும்புச் சுவை. பாகுபோல இனிக்கவில்லை. எழப் பார்த்தாள். சப்பாத்து விலாவில் இறங்கியது. மூச்சு வரவில்லை. அவன் கால் வழுக்காமலிருக்க வலதுகையால் காரின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உதைத்தான். மூன்றாவது உதைக்குக் காலைப் பின்னுக்கு எடுத்தான்.

உள்ளேயிருந்து லக்சனா கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள்.

காய்ந்த கொப்பு முறிவது போன்ற சத்தம். றெனோல்ட் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. லக்சனா கதவைத் திறந்து மறுபடியும் இழுத்தாள். இப்போது குரல் வந்தது. தெருமுழுக்கக் கேட்டது. லக்சனா மூன்றாம் முறையும் இழுத்தாள். விரல் எது, மோதிரம் எது என்று தெரியாமல் குமிழ்கள் சதைக்குள் போய்விட்டன. அவன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியில் முழங்காலிட்டான். கறுத்த பனியில் சிவப்பாய்ச் சொட்டியது.

ஆண்கள் அப்போதுதான் ஓடிவந்தார்கள். முதலில் அவனிடம் போனார்கள்.

எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு பிரெஞ்சுக்காரி ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். தூரத்தில் சைரன் கேட்டது. அருமைராசா மூச்சு வாங்க வந்து மாக்கிரட்டைத் தூக்கிவிட்டார்.

"பிள்ளையள், பொலிஸ் வந்தால் பனியில வழுக்கி விழுந்தது, கதவு தவறிச் சாத்துப்பட்டது எண்டு சொல்லுங்கோ. பங்கின்ர மானம். பேந்து நாங்கள் ஃபாதரோட இருந்து கதைப்பம்."

"அங்கிள்," என்றாள் மாக்கிரட். வாயிலிருந்ததைத் துப்பினாள். "நீங்கள் அந்த ரிவியை முதல்ல நிப்பாட்டுங்கோ."

அவர் மண்டபத்துப் படியைப் பார்த்துத் திரும்பினார்.

பெட்டியையும் எடுத்து, இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே கழிப்பறைக்குப் போனார்கள். அதே கண்ணாடி. லக்சனாவின் நெற்றியிலிருந்து இரத்தம் புருவத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாக்கிரட்டின் கன்னம் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. மாக்கிரட் குழாயைத் திறந்தாள். லக்சனா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழுவாதை."

"இரத்தமடி."

"தெரியுது. கழுவாதை." குழாயை மூடினாள். பெட்டியைத் திறந்து கமராவை எடுத்தாள். இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. எந்தப் பக்கத்தால் பார்ப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கை அமத்துறது?"

மாக்கிரட் காட்டினாள்.

"நான் அந்தரப்பட்டு ஏதும் செய்துபோட்டனோ?" லக்சனா கமராவைத் தாழ்த்தினாள். "அவற்ர கை போச்சு. என்னை ஊருக்கு ஏத்திவிடுவாங்களோ?"

"தெரியாது," என்றாள் மாக்கிரட். "இந்த முறை உனக்குப் பொய் சொல்லேல்லை. தெரியாது. ஆனால் நான் கூட இருப்பன். அண்டைக்கு உன்ர வீட்டு வாசல்ல மணியை அமத்தாமல் திரும்பி வந்தனான். சனிக்கிழமை. பாட்டுத் தாளோட."

லக்சனா அவளைப் பார்த்தாள். "படியில ஆரோ இறங்கிப்போன சத்தம் கேட்டது. நீ எண்டு தெரியும்." கமராவைத் தூக்கினாள். "அசையாதை."

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. படம் வெளியே வந்தது. லக்சனா அதை விசிறவில்லை. கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்துக் காத்திருந்தாள். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு முகம் வந்தது, பிறகு கன்னம், கடைசியாக ஒரே வரிசையில் நான்கு புள்ளிகள்.

லக்சனா பெட்டியிலிருந்து பேனாவை எடுத்து வெள்ளை ஓரத்தில் தேதியை எழுதினாள். அதற்குப் பக்கத்தில், மாக்கிரட் எழுதுவதைப்போலவே, "முதலாம் நாள்" என்று எழுதினாள்.

மேலே கனமான சப்பாத்துகள் நடந்தன. ஒரு பெண்குரல் பிரெஞ்சில் எதையோ கேட்டது. லக்சனா மற்ற இருபத்திமூன்று படங்களையும் மூடி உறையிலிருந்து எடுத்து, சீட்டுக்கட்டுப்போல அடுக்கி, புதியதை மேலே வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.